மேலூர் வட்டாரத்தில் கல் வெட்டும் கருவிகள்

மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் பாறையை உடைக்கவும் அறுக்கவும் செதுக்கவும் பயன்பட்ட கருவிகளின் வரலாறு ஏறத்தாழ 2,200 ஆண்டு நீளமுடையது. சமண முனிவர்களுக்குக் கற்படுக்கை அமைத்த இரும்பு உளியில் தொடங்கும் அவ்வரலாறு, ஆப்பு, சம்மட்டி, காற்றால் இயங்கும் துளைப்பான், வெடி, தீப்பீச்சி ஆகியவற்றைக் கடந்து வைரக்கம்பி ரம்பம் வரை வந்திருக்கிறது. எந்தக் கருவி தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது வேலையின் வேகத்தை மட்டும் தீர்மானிக்கவில்லை. மலையில் எவ்வளவு எடுக்கப்பட்டது, எவ்வளவு வீணாயிற்று, வேலை செய்தவர் உடல் என்ன ஆயிற்று என்பவற்றையும் அதுவே தீர்மானித்தது.

பாறையும் நிலமும்

மேலூர், மதுரைக்கு வடகிழக்கே திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் உள்ளது. சுற்றிலும் சமவெளி. அதன் நடுவே அரிட்டாபட்டி, கீழவளவு, கீழையூர், திருவாதவூர், மாங்குளம் முதலிய ஊர்களில் மொட்டைப் பாறைக் குன்றுகள் எழுந்து நிற்கின்றன. குன்றில் விழும் மழை நீர் அடிவாரக் கண்மாய்களில் சேர்கிறது. 1895-இல் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்ட பின், வாய்க்கால் வழியாக வந்த பெரியாற்று நீரும் இப்பகுதிக்குக் கிடைத்தது. எனவே இங்கே பாறையும் வயலும் அடுத்தடுத்தே இருக்கின்றன. குன்றில் நடப்பது கண்மாயைத் தொடும். கண்மாயில் நடப்பது வயலைத் தொடும்.

இப்பகுதிப் பாறைகளைப் புவியியலாளர் நைஸ், சார்னோக்கைட் முதலிய பெயர்களில் வகைப்படுத்துவர். வணிகத்தில் இவை அனைத்துக்கும் 'கிரானைட்' என்பதே பொதுப்பெயர். வெண்ணிறத்தில் சிவப்புக் கார்னெட் புள்ளிகள் சிதறிக் கிடக்கும் ஒரு வகைக் கல் உலகச் சந்தையில் 'காஷ்மீர் ஒயிட்' என்று விற்கப்படுகிறது. பெயரில் காஷ்மீர் இருந்தாலும் கல் மதுரைப் பகுதியுடையது.

இக்கற்களில் குவார்ட்சு என்னும் படிகக் கனிமம் நிறைய உண்டு. கனிமங்களின் கடினத்தை ஒப்பிட 1812-இல் பிரீட்ரிக் மோஸ் வகுத்த அளவுகோலில், சுண்ணாம்புப் பளிங்கின் கால்சைட்டுக்கு 3, குவார்ட்சுக்கு 7, வைரத்துக்கு 10. சாதாரண இரும்புக் கருவி குவார்ட்சைவிட மென்மையானது. ஆகவே கருங்கல்லில் வேலை செய்யும் உளி, கல்லைத் தேய்ப்பதைப் போலவே தானும் தேய்கிறது. இந்த ஒரு காரணமே மேலூர்க் கருவிகளின் வரலாறு முழுவதையும் இயக்கியது எனலாம்.

உளிக் காலம்

மாங்குளம் குன்றில் உள்ள தமிழிக் கல்வெட்டுகளை 1882-இல் இராபர்ட் சூவெல் கண்டறிந்தார். இவை கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று பொதுவாகக் கருதப்படுகிறது. பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரும், வெள்ளறை என்ற ஊரின் நிகமத்தார் எனப்படும் வணிகக் குழுவினரும் இக்கல்வெட்டுகளில் குறிக்கப்பெறுகின்றனர். இங்கும் கீழவளவு, அரிட்டாபட்டி, திருவாதவூர் குன்றுகளிலும் இயற்கைக் குகைத் தளங்கள் சமன்செய்யப்பட்டு, தலைமாட்டில் சற்றே உயர்ந்த படுக்கைகள் வெட்டப்பட்டன. மழைநீர் உள்ளே வழியாதபடி குகையின் நெற்றியில் ஒரு காடியும் வெட்டப்பட்டது.

இவ்வேலையில் பாறையிலிருந்து எடுக்கப்பட்டது மிகக் குறைவு. ஒரு முனிவர் படுக்கும் இடத்தில் சில விரற்கடை கனத்துக்குக் கல் செதுக்கி நீக்கப்பட்டது, அவ்வளவே. உளியும் சுத்தியும் அதற்குப் போதுமானவை. இன்றைக்கும் படுக்கைகளின் மேல் உளி விழுந்த தடங்களைக் காணலாம்.

அடுத்த நிலை குடைவரை. அரிட்டாபட்டிக் குன்றில் சிவனுக்கு எடுக்கப்பட்ட குடைவரைக் கோயில் பாண்டியர் காலத்தது. இதை 8-ஆம் நூற்றாண்டினது என்பர். இலகுலீசர் சிற்பம் அமைந்ததால் இது தமிழ்நாட்டில் அரிய ஒன்றாகக் கருதப்படுகிறது. மேலூருக்கும் மதுரைக்கும் இடையே ஆனைமலையடியில் உள்ள நரசிங்கப் பெருமாள் குடைவரை கி.பி. 770-ஐச் சேர்ந்தது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன் காரி இதனைத் தொடங்கி, முடிக்கும் முன் இறந்தான். தம்பி மாறன் எயினன் முகமண்டபம் செய்து நிறைவேற்றினான். இச்செய்தியை அங்குள்ள கல்வெட்டே கூறுகிறது.

உளியால் பாறையைக் குடைவது எவ்வளவு மெதுவானது என்பதை இந்நிகழ்ச்சி ஓரளவு உணர்த்தும். ஒவ்வொரு உளியும் சில நூறு அடிகளுக்குள் முனை மழுங்கும். மழுங்கியதை உலையில் காய்ச்சித் தட்டிக் கூராக்கி, நீரில் தோய்த்துப் பதப்படுத்த வேண்டும். பதம் மிகுந்தால் முனை ஒடியும், குறைந்தால் மடங்கும். ஆகவே கல் தச்சர் இருக்கும் இடத்தில் கொல்லரும் உலையும் இருந்தாக வேண்டும். கருவியைத் தீட்டுவதும் கல் வேலையில் பாதி என்ற நிலை மின்சாரம் வரும் வரை மாறவில்லை.

ஆப்பும் சம்மட்டியும்

குடைவது ஒரு வேலை. பாறையிலிருந்து கல்லைத் தனியே பெயர்த்தெடுப்பது வேறு வேலை. தூண், உத்தரம், படிக்கல், செக்கு, உரல், அம்மி, ஆட்டுக்கல் ஆகியவற்றுக்குப் பெயர்த்த கல் வேண்டும். இதற்குத் தென்னிந்தியா முழுவதும் ஆப்பு முறையே வழங்கியது. பிளக்க வேண்டிய கோட்டின் மேல் வரிசையாகச் சிறு குழிகள் வெட்டுவர். ஒவ்வொன்றிலும் இரும்பு ஆப்பை இறக்கி, வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சம்மட்டியால் சமமாக அடித்துக்கொண்டே போவர். சில சுற்றுகளில் கல் அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். காய்ந்த மர ஆப்பை இறுக்கி நீரூற்றி ஊறவைத்துப் பிளக்கும் முறையும் இருந்ததாகக் கூறப்படுவதுண்டு. பழைய கோயில்களின் அடித்தளக் கற்களிலும், கைவிடப்பட்ட பாறைகளின் ஓரங்களிலும் பல் வரிசை போன்ற குழித் தடங்கள் இருப்பது இம்முறையின் அடையாளமாகும்.

தீ வைத்துப் பெயர்க்கும் முறையும் உண்டு. பாறையின் மேல் விறகு எரித்தால், சூடேறிய மேலடுக்கு விரிந்து கீழடுக்கிலிருந்து பலகையாகக் கழன்றுவிடும். தென்னிந்தியாவில் நீண்ட பலகைக் கற்கள் இவ்வாறு எடுக்கப்பட்டன.

இம்முறைகளில் கருவி எளியது. அறிவு கையில் இருந்தது. பாறை எத்திசையில் எளிதாகப் பிளக்கும் என்று வாட்டம் பார்ப்பவரே வேலையின் தலைவர். தட்டினால் வரும் ஓசையைக் கேட்டே உள்விரிசல் இருக்கிறதா என்று சொல்வர். வாட்டத்துக்கு எதிராக அடித்தால் கல் கோணலாக உடைந்து, நாள் முழுவதும் செய்த வேலை வீணாகும். எடுத்த கல்லை மாட்டுவண்டியிலோ உருளைக் கட்டைகளிலோ நகர்த்த முடிந்த அளவுக்குத்தான் வெட்டினர். தேவை, கருவி, வண்டி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எல்லைக்குள் நிறுத்தின.

வீட்டுக்கல் தொழிலின் தேவையும் 20-ஆம் நூற்றாண்டில் மாறியது. 1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி மின்சார மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்கியபின், ஆட்டுக்கல் மெல்ல மெல்லச் சமையலறையை விட்டு வெளியேறியது. ஆட்டுக்கல் கொத்துபவரின் சுத்தி ஓசையும் ஊர்களில் குறைந்தது.

காற்றால் இயங்கும் துளைப்பான்

கருங்கல் வேலையில் முதல் பெரிய மாற்றம் துளையிடுவதில் வந்தது. ஒருவர் துளையுளியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க, மற்றவர் சம்மட்டியால் அடிப்பது பழைய முறை. ஓரடி ஆழம் இறங்க நெடுநேரம் ஆகும். 1861-இல் பிரான்சு, இத்தாலி நாடுகளுக்கிடையே ஆல்ப்சு மலையைக் குடைந்த சுரங்கப்பாதையில், ழெர்மேன் சோமெய்யே அழுத்தப்பட்ட காற்றால் இயங்கும் துளைப்பானைப் பயன்படுத்தினார். பின்னர் அமெரிக்காவில் ஜான் ஜார்ஜ் லெய்னர் 1890-களில், துளையுளியைத் தனியே சுத்தியல் தாக்கும் இலகுவான வகையை உருவாக்கினார். இன்றைய 'ஜாக்ஹேமர்' இந்த வழியில் வந்தது.

துளையுளியின் முனையும் மாறியது. 1923-இல் ஜெர்மனியின் ஓஸ்ராம் நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல் சுரோட்டர், டங்ஸ்டன் கார்பைடு துகளைக் கோபால்ட்டுடன் சேர்த்துச் சூட்டில் இறுக்கி மிகக் கடினமான பொருளைச் செய்தார். 1926 முதல் குருப் நிறுவனம் அதனை 'வீடியா' என்ற பெயரில் விற்றது. ஜெர்மன் மொழியில் 'வைரம் போல' என்ற சொற்றொடரின் சுருக்கம் அது. 1940-களில் பாறைத் துளையுளிகளின் முனையில் இப்பொருள் பொருத்தப்பட்டதும், ஒவ்வொரு நாளும் உலைக்கு அனுப்பித் தீட்ட வேண்டிய தேவை நீங்கியது. குவார்ட்சைவிடக் கடினமான முனை தொழிலாளியின் கையில் கிடைத்தது இதுவே முதன்முறை.

தமிழ்நாட்டுச் சமவெளியில் ஜாக்ஹேமரும் அதற்குக் காற்றூட்டும் கம்ப்ரசரும் கிராமத்தாருக்கு முதலில் அறிமுகமானது பெரும்பாலும் கிணற்று வேலையில்தான். பம்புசெட்டுகள் பெருகி நீர்மட்டம் இறங்கியபோது, கிணற்றின் அடிப்பாறையைத் துளைத்து வெடி வைத்து ஆழப்படுத்த வேண்டியதாயிற்று. டிராக்டரின் பின்னால் பொருத்திய கம்ப்ரசர் ஊர் ஊராகச் சென்றது. கல்குவாரிக்கும் அதே பொறியே போதுமானதாக இருந்தது. ஏறத்தாழ 25 கிலோ எடையுள்ள ஜாக்ஹேமரை ஒருவரே பிடித்து, சில நிமிடங்களில் ஓரடி துளைத்துவிடலாம்.

வெட்டுக்கோட்டில் ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளியில் துளைகளை வரிசையாக இறக்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு வளைதகடுகளுக்கு நடுவே ஓர் ஆப்பைச் செருகி அடித்தால் கல் நேராகப் பிளக்கும். பழைய ஆப்பு முறையே இது. துளை மட்டும் ஆழமாகிவிட்டது. ஆழம் கூடியதால் ஒரே தடவையில் பிளக்கும் கல்லின் அளவும் பல மடங்கு கூடியது. வணிகர் 'பிளாக்' என்று கூறும் கனசதுரக் கல் இவ்வாறு பிறந்தது.

3 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம் உள்ள ஒரு பிளாக்கின் கன அளவு 6.75 கன மீட்டர். கன மீட்டருக்கு 2.7 டன் என்று கொண்டால் எடை 18 டன்னுக்கு மேல். இதை மாட்டுவண்டி இழுக்காது. பொக்லைன், கிரேன், டிரெய்லர் லாரி ஆகியவை இதன் பின்னாலேயே வந்தாக வேண்டும். ஒரு கருவி மாறியவுடன் மற்ற எல்லாக் கருவிகளும் மாறின.

ரம்பங்கள்

மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம், அதாவது 'செயின்சா', தமிழ்நாட்டில் இன்று பரவலாகத் தெரிந்த ஒன்று. ஜெர்மனியில் ஆந்திரேயாஸ் ஸ்டீல் 1926-இல் மின்சாரத்தால் இயங்கும் வகையையும் 1929-இல் பெட்ரோலால் இயங்கும் வகையையும் செய்தார். கல்லுக்கும் சங்கிலி ரம்பம் உண்டு. நீண்ட கையின் மேல் ஓடும் சங்கிலியில் டங்ஸ்டன் கார்பைடு பற்களையோ வைரப் பற்களையோ பொருத்திப் பளிங்குக் குவாரிகளில் பயன்படுத்துகின்றனர். தண்டவாளத்தின் மேல் நகரும் அப்பொறி பளிங்கை நேராக அறுத்துவிடும். ஆனால் குவார்ட்சு நிறைந்த கருங்கல்லில் பற்கள் விரைவில் தேய்வதால், இது அங்கே பயன்படுவதில்லை. பளிங்கு நாட்டுக் கருவி கருங்கல் நாட்டுக்குப் பொருந்தாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கருங்கல்லுக்கு ஏற்ற ரம்பம் கம்பியாக வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் கர்ராரா பளிங்குக் குவாரிகளில், முறுக்கிய எஃகுக் கம்பியை மணலும் நீரும் ஊற்றி ஓடவிட்டுக் கல்லை அறுத்தனர். அறுத்தது மணலே, கம்பி அதைச் சுமந்து சென்றது. 1954-இன் இறுதியில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் செயற்கை வைரத்தை ஆய்வகத்தில் உருவாக்கியது. அதன்பின் தொழிற்கருவிக்கான வைரத்துகள் மலிவாயிற்று. 1970-களின் இறுதியில் அதே கர்ராராவில் வைர மணிகள் கோத்த கம்பி பயன்பாட்டுக்கு வந்தது. பின்னர் மணிகளுக்கிடையே ரப்பரோ பிளாஸ்டிக்கோ வார்த்து, கருங்கல்லையும் தாங்கும் வகை செய்யப்பட்டது.

இதன் இயக்கம் எளிது. பாறையில் ஒரு செங்குத்துத் துளையும் ஒரு கிடைத்துளையும் ஒன்றையொன்று சந்திக்குமாறு இடப்படும். கம்பியை அவற்றின் வழியே செலுத்தி, இரு முனைகளையும் இணைத்து வளையமாக்கி, பொறியின் பெரிய சக்கரத்தில் மாட்டுவர். சக்கரம் சுழல, பொறி தண்டவாளத்தில் பின்னோக்கி நகர்ந்து கம்பியை இறுக்கிக்கொண்டே வரும். நூலால் வேகவைத்த முட்டையை அறுப்பதைப் போல, பாறை உள்ளிருந்து அறுபடும். கருங்கல்லுக்கான கம்பியில் மீட்டருக்கு ஏறத்தாழ 40 மணிகள் இருக்கும். வெட்டுமிடத்தில் தொடர்ந்து நீர் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் மணிகள் சூடேறிக் கெடும். கம்பி அறுந்தால் மணிகள் துப்பாக்கிக் குண்டைப் போலத் தெறிக்கும். எனவே கம்பி ஓடும் கோட்டுக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது என்பது முதல் விதி.

தீப்பீச்சியும் வெடியும்

'ஜெட் பர்னர்' என்னும் தீப்பீச்சியில் டீசல் அல்லது மண்ணெண்ணெய் அழுத்தக் காற்றுடன் எரிந்து, மிக வேகமான தீநாக்காக வெளிவரும். குவார்ட்சு 573 டிகிரி செல்சியசில் தன் உள்ளமைப்பு மாறித் திடீரென விரிவடையும். அப்போது பாறையின் மேற்பரப்பு செதில் செதிலாகத் தெறிக்கும். பழைய காலத்து விறகுத் தீ முறையின் இயந்திர வடிவமே இது. அகலமான பள்ளத்தை வெட்டுவதால் நல்ல கல்லும் தூளாகிறது. இருபுறக் கல்லும் சூட்டால் உள்ளே பழுதுபடுகிறது. ஓசையும் மிகக் கடுமை. கம்பி ரம்பம் வந்தபின் இதன் தேவை குறைந்தது.

1867-இல் ஆல்பிரட் நோபல் காப்புரிமை பெற்ற டைனமைட்டும் அதன் வழித்தோன்றல்களும் ஜல்லிக் குவாரிக்குப் பொருத்தமானவை. அங்கே கல் சிதறுவதே நோக்கம். அலங்காரக் கல்லுக்கு அவை பகை. ஒரு தவறான வெடி, கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசலைப் பல மீட்டர் தூரம் செலுத்தும். மெருகேற்றும்போதுதான் அது வெளிப்படும். இதற்கு மாற்றாக, துளையில் ஊற்றினால் ஊறி விரியும் சுண்ணாம்புச் சாந்து வகைகள் வந்தன. ஓசையின்றி ஒரு நாளில் கல்லைப் பிளக்கும் இவை விலை மிகுந்தவை.

வேலைக்கேற்ற கருவி

கருவியைத் தேர்வதில் குவாரியாளர் கேட்கும் கேள்விகள் நான்கு: என்ன கல், எவ்வளவு பெரிய துண்டு, எவ்வளவு நீர் கிடைக்கும், வீணாவதை எவ்வளவு பொறுக்கலாம்.

ஜல்லிக்கு வெடியும் உடைப்பானும் போதும். படிக்கல், வேலிக்கல் முதலிய சிறு துண்டுகளுக்குக் கையுளியும் ஆப்பும் இன்றும் மலிவானவை. மின்சாரமும் டீசலும் வேண்டா. நடுத்தரப் பிளாக்குகளுக்கு ஜாக்ஹேமரும் ஆப்பும் ஏற்றவை. முதலீடு குறைவு, ஆனால் பிளந்த முகம் கரடுமுரடாக இருப்பதால், அறுக்கும்போது ஓரங்கள் கழிவாகப் போகும். பெரிய, விலை உயர்ந்த கல்லுக்குக் கம்பி ரம்பம். முதலீடும் நீர்த்தேவையும் மிகுதி. வெட்டு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலமே ஆதலால் கழிவு மிகக் குறைவு. ஒரே குவாரியில் துளைப்பானும் கம்பியும் சேர்ந்தே இயங்குவது வழக்கம், ஏனெனில் கம்பி நுழையத் துளை வேண்டும்.

கோடைகாலத்தில் நீர் வற்றும் மேலூர் போன்ற நிலத்தில் மூன்றாவது கேள்வி மிக முக்கியமானது. கம்பி ரம்பத்துக்கு ஊற்றிய நீரைத் தொட்டியில் தேக்கிச் சேறு படியவிட்டு மீண்டும் பயன்படுத்தலாம். அப்படிச் செய்யாமல் வழியவிட்டால், கல்மாவு கலந்த சேறு வாய்க்காலில் இறங்கும். காய்ந்ததும் அது வயலின் மேல் சிமெண்டுப் பூச்சைப் போல இறுகிவிடும்.

பட்டறைக் கருவிகள்

குவாரியிலிருந்து வந்த பிளாக், பட்டறையில் பலகையாகிறது. எஃகுத் தகடுகள் வரிசையாகப் பூட்டிய 'கேங்சா' பொறி, எஃகு மணிகளும் நீரும் சேர்ந்த குழம்பை வைத்து ஒரே நேரத்தில் பல பலகைகளை அறுக்கும். வைரத்துண்டு பதித்த வட்ட ரம்பம் சிறு பலகைகளுக்கு உரியது. அண்மைக் காலத்தில் பல வைரக்கம்பிகளை இணையாக ஓடவிடும் பொறிகள் வந்துள்ளன. பின்னர் பருத்ததிலிருந்து நுண்ணிய பொடி வரை படிப்படியாகத் தேய்த்து மெருகேற்றுவர்.

சிறு பட்டறைகளில் ஆட்சி செய்வது கையால் பிடிக்கும் 'ஆங்கிள் கிரைண்டர்'. 1954-இல் ஜெர்மனியின் ஆக்கர்மான் உண்டு சுமிட் நிறுவனம் அதிவேக வகையைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. தமிழ்நாட்டில் இது 'கட்டிங் மெஷின்' என்றே பேசப்படுகிறது. வட்டை மாற்றினால் அறுக்கும், தேய்க்கும், மெருகேற்றும். சிலைத் தொழிலில் முதல் வடிவம் எடுக்க இன்று இதையே பயன்படுத்துகின்றனர். கண் திறப்பது போன்ற நுண்வேலைக்கு மட்டும் உளி எஞ்சியுள்ளது. வட்டின் மேல் எழுதியிருக்கும் சுழற்சி வேகம், பொறியின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் வட்டு உடைந்து சிதறும். காப்பு மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்யும் பழக்கமே பெரும்பாலான காயங்களுக்குக் காரணம்.

தூசியும் அதிர்வும்

கையுளியாலும் தூசி வரும். ஆனால் அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் துகள். வேகமான கருவிகள் எழுப்பும் தூசியில் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா நுண்துகள் மிகுதி. அது நுரையீரலின் அடிவரை சென்று தங்கி, திசுவைத் தழும்பாக்கும். இதன் விளைவான சிலிக்கோசிஸ் நோய்க்கு முழுக் குணமளிக்கும் மருந்து இல்லை. காசநோய் தொற்றும் வாய்ப்பையும் இது கூட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் இத்துகளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

ஆபத்து தொடக்கத்திலேயே தெரிந்ததுதான். லெய்னரின் துளைப்பான் முதலில் துளையுளியின் நடுவே காற்றைச் செலுத்தித் தூசியை வெளியே ஊதியது. அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர் அவ்வகைப் பொறிகளுக்கு 'விதவையாக்கி' என்று பெயர் வைத்தனர். லெய்னர் காற்றுடன் நீரையும் செலுத்தி இதைத் திருத்தினார். நீர் விட்டுத் துளைத்தால் தூசி எழும் இடத்திலேயே சேறாகிவிடும். நூறு ஆண்டுக்கு மேல் பழைய இத்தீர்வு இன்றைக்கும் மிகச் சிறந்தது, செலவும் குறைவு. இருந்தும் நீர் இணைப்பு இல்லாமல் உலர்ந்தே துளைக்கும் காட்சி கல்குவாரிகளில் அரிதன்று. முகத்தில் துண்டு கட்டிக்கொள்வது பருந்துகளைத் தடுக்குமே தவிர நுண்துகளைத் தடுக்காது.

அதிர்வும் ஒரு தீங்கு. 1918-இல் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் பெட்போர்டில் காற்றுச் சுத்தியல் பிடித்த கல் தொழிலாளரை ஆராய்ந்தார். குளிரில் அவர்களின் விரல்கள் வெளுத்து மரத்துப்போவதைப் பதிவு செய்தார். விரலின் நுண்குழாய்கள் அதிர்வால் கெடுவதே காரணம். ஜாக்ஹேமரின் ஓசையோ 100 டெசிபலைத் தாண்டும். ஆகவே பொறியின் விலையோடு, நீர் இணைப்பு, அதிர்வு தாங்கும் கைப்பிடி, காதுறை, உரிய முகக்கவசம் ஆகியவற்றின் விலையையும் சேர்த்துப் பார்ப்பதே முழுமையான கணக்கு.

சட்டமும் 2012-க்குப் பின்னும்

கிரானைட் சட்டப்படி சிறுகனிமம். 1957-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் சிறுகனிமத்துக்கு விதி செய்யும் உரிமையை மாநிலங்களுக்கு அளிக்கிறது. தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டின் சிறுகனிமச் சலுகை விதிகள் நடைமுறையில் உள்ளன. 1977 டிசம்பரில் கறுப்புக் கிரானைட்டைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடுவதைத் தடுக்கும் விதி சேர்க்கப்பட்டது. 1981-இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. அரசின் தமிழ்நாடு கனிம நிறுவனம் (டாமின்) 1978 முதல் செயல்பட்டு வருகிறது. மேலூர்ப் பகுதியிலும் அதன் குவாரிகள் இருந்தன. 1999-இல் மத்திய அரசு கொண்டுவந்த கிரானைட் பாதுகாப்பு, மேம்பாட்டு விதிகள், முறையான திட்டத்தின்படி வீணடிக்காமல் வெட்ட வேண்டும் என்றன.

விதிகள் உளி வேகத்தில் நகர்ந்தன. பொறிகள் தம் வேகத்தில் நகர்ந்தன. 2012 மே மாதம் அன்றைய மதுரை மாவட்ட ஆட்சியர் உ. சகாயம், விதிமீறிய கிரானைட் எடுப்பால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று அரசுக்கு எழுதினார். ஆகஸ்டில் அக்கடிதம் வெளியானதும் பெரிய அளவில் ஆய்வுகள் நடந்தன, குவாரிகள் நின்றன. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சகாயத்தைச் சட்ட ஆணையராக நியமித்தது. 2015 நவம்பரில் அவர் அறிக்கை அளித்தார். அனுமதித்த எல்லைக்கு வெளியே வெட்டியது, கண்மாய்களிலும் ஓடைகளிலும் கழிவுக்கல் கொட்டியது முதலியவை குற்றச்சாட்டுகளில் அடங்கும்.

குற்றம் பொறியினுடையது அன்று. ஆனால் பொறி இல்லாமல் அத்தனை கல் அத்தனை விரைவில் நகர்ந்திருக்கவும் முடியாது. கையுளிக் காலத்தில் ஒரு குன்றைக் குறைக்கப் பல தலைமுறைகள் ஆகும். அதற்குள் ஊர் விழித்துக்கொள்ளும். கம்பி ரம்பமும் பொக்லைனும் அதைச் சில ஆண்டு வேலையாக்கின. குவாரிகள் நின்றபின் இப்பகுதியில் எஞ்சியவை நீர் தேங்கிய ஆழக் குழிகளும், எண்ணிட்டு அடுக்கிய பிளாக்குகளும், வேலை இழந்த கல் தொழிலாளரும்.

டங்ஸ்டன்

2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.215 எக்டேர் பரப்பைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் இவ்வறிவிப்பைப் பெற்ற முதல் இடம் இதுவே. குன்றுகள், சுனைகள், கண்மாய்கள், பறவைகளுடன் கற்படுக்கைகளும் குடைவரையும் இதில் அடங்கும்.

இரண்டாண்டுக்குப் பின், 2024 நவம்பரில், மத்திய அரசு நடத்திய ஏலத்தில் மேலூர்ப் பகுதியின் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதிக்கு இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானது. 2,000 எக்டேருக்கு மேற்பட்ட அத்தொகுதியில் அரிட்டாபட்டியும் இருந்தது. கிராமசபைகள் எதிர்த்துத் தீர்மானம் இயற்றின. டிசம்பர் 9-இல் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரி 7-இல் மேலூர்ப் பகுதி மக்கள் பெருந்திரளாக மதுரை நோக்கிப் பேரணி சென்றனர். சனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை இரத்து செய்தது.

டங்ஸ்டன் இல்லாமல் ஜாக்ஹேமரின் முனை இல்லை. தொழிற்சாலையின் துளைப்பானும் இல்லை. குன்றுகளைத் துளைத்த கருவியின் முனைக்குரிய உலோகமே குன்றுகளின் அடியிலும் தேடப்பட்டது. அது வேண்டாத பொருள் என்று ஊர் மக்கள் கூறவில்லை. கண்மாயும் வயலும் வழிபாட்டு மலையும் உள்ள இடத்தில் அதை எடுக்க வேண்டாம் என்றே கூறினர்.

இன்றைய நிலை

அரிட்டாபட்டிக் குடைவரையையும் மாங்குளம் கற்படுக்கைகளையும் காண மாணவரும் ஆய்வாளரும் வருகின்றனர். அங்கிருந்து சில கி.மீ. தொலைவில் கைவிடப்பட்ட குவாரிகளின் செங்குத்துச் சுவர்களில் ஜாக்ஹேமர் துளைகளின் அரைவட்டத் தடங்கள் வரிசையாகத் தெரிகின்றன. கம்பி ரம்பம் அறுத்த முகங்கள் வழவழப்பாக உள்ளன. உளித் தடம், ஆப்புக் குழி, துளைத் தடம், கம்பி வெட்டு ஆகிய நான்கையும் ஒரே நாளில் நடந்து பார்க்கக்கூடிய வட்டாரம் மேலூர். கருவிகளின் வரலாற்றைக் கற்பிக்க இதைவிடத் தெளிவான பாடப்புத்தகம் மதுரைச் சமவெளியில் இல்லை.